தேரைக்கு வந்த தேரை

தேரை என்ற சொல் தமிழிலே ஓர் உயிரையும் குறிக்கும். ஒரு நோயையும் குறிக்கும். மழைக்காலத்து மாலைவேளையில் வாசற்படியோரம் வந்து குந்தியிருக்கும் சொறித்தோற் சிற்றுயிர் முன்னையது. பாலுண்ணும் பிள்ளை நாளுக்கு நாள் இளைத்து, தோல் சுருங்கி, விலா எலும்பை எண்ணத்தக்க நிலையிற் கிடந்தால், 'பிள்ளைக்குத் தேரை விழுந்துவிட்டது' என்று எம் மூதாட்டியர் கூறுவரே, அது பின்னையது. மரத்திலிருந்து இறக்கிய காயை உடைக்கும்போது பருப்பில்லாமல் வெறுஞ்சிரட்டையாய் இருந்தால் அதனையும் 'தேரை மோந்த தேங்காய்' என்றே தள்ளிவைப்பர். ஆக, வீட்டில் எது வற்றினும் எது மெலியினும் வழக்கு தேரையின் மீதே தொடுக்கப்படுகிறது.

இவ்வழக்கிலே எவரும் கேளாத வினா ஒன்றுண்டு. தேரையே மெலிந்துபோனால் யாது செய்வது? எம் பாடசாலையில் மெலிந்த தேரையொன்றினை ஐந்து வாரம் பேணி மீட்டோம். அப்பேணுதலின் முறையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். அதற்குமுன் பழைய வழக்குகளைத் தீர்த்துவிடுதல் நன்று. ஏனெனில், குற்றவாளியென்று கருதப்படும் உயிருக்கு மருந்து தேடுவார் இலர்.

முதலிலே தேங்காய் வழக்கு. எங்கள் புத்தளம் மாவட்டம், குருநாகல், கம்பகா மாவட்டங்களோடு சேர்ந்து இலங்கையின் தென்னை முக்கோணமாக அமைவது. தென்னை ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்து லுணுவிலையிலேயே இருக்கிறது. அதன் பணி 1929ஆம் ஆண்டிலே தொடங்கியது. காய் கூடாய்ப் போவதற்கு மகரந்தச் சேர்க்கை செவ்வனே நிகழாமையும், மண்ணிலே ஊட்டம் குறைதலும் காரணங்களென்று அறிஞர் கூறுவர். 1997ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கற்பிட்டிக் குடாநாட்டுத் தோட்டங்களிலே காய்கள் தோல் வெடித்துத் தழும்பேறிச் சிறுக்கத் தொடங்கின. தேடிப் பார்த்தபோது அகப்பட்டது, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன். இலங்கையில் அப்பூச்சி முதன்முதற் கண்டறியப்பட்டது எங்கள் கரையிலேதான். மரமேறித் தேங்காயை மோந்து பார்க்கும் தொழிலைத் தேரை எக்காலத்தும் செய்ததில்லை.

அடுத்தது பிள்ளை வழக்கு. தேரை விழுந்தது என்று சொல்லப்படும் நிலையை மருத்துவர் ஊட்டமின்மை என்பர். போதிய உணவு கிடையாமலோ, வயிற்றோட்டம் முதலிய நோய்களால் உண்டது உடலிற் சேராமலோ பிள்ளை வற்றுகிறது. நூல் கட்டுவதிலும் பார்வை பார்ப்பதிலும் கழியும் நாட்கள், பிள்ளைக்கு உணவும் மருந்தும் கிட்டாமற் கழியும் நாட்களாகும். இங்கும் தேரைக்கு யாதொரு தொடர்பும் இல்லை. மெலிந்த பிள்ளையின் ஒடுங்கிய இடுப்பும் மடிந்த கால்களும் தேரையின் வடிவை நினைவூட்டினமையால் எழுந்த உவமை, நாளடைவிலே பழியாக முற்றிவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, பழியன்று, புகழ்போலத் தோன்றுவது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான் என்பது எம்மவர் நம்பிக்கை. மேலைநாட்டாரிடத்தும் கல்லுக்குள் தேரை உயிரோடு இருந்ததென்ற கதைகள் வழங்கின. அதனைச் சோதித்தறிய விரும்பிய ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துப் புவியியல் அறிஞர் வில்லியம் பக்லண்ட், 1825ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே 24 தேரைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, சுண்ணக்கல்லிலும் மணற்கல்லிலும் குடைந்த சிற்றறைகளில் இட்டுக் கண்ணாடியால் மூடித் தம் தோட்டத்திலே புதைத்தார். ஓராண்டின் பின் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை யாவும் இறந்து அழிந்திருந்தன. நுண்துளைகள் மிக்க சுண்ணக்கல்லில் இருந்த பெரிய தேரைகளுட் பல உயிரோடு இருந்தன; ஆயின் பெரும்பாலும் மெலிந்திருந்தன. இரண்டு மட்டும் எடை கூடியிருந்தன. அவற்றுள் ஒன்றன் அறையை மூடிய கண்ணாடி வெடித்திருந்தது. அவ்வழியே சிறு பூச்சிகள் நுழைந்திருத்தல் கூடும். மீண்டும் புதைக்கப்பட்டவை இரண்டாம் ஆண்டு முடியுமுன் எல்லாம் மாண்டன. படியளந்தது வெடிப்பினூடே புகுந்த பூச்சியே என்று இறைநம்பிக்கை உடையாரும் ஒப்புக்கொள்ளலாம். அப்பூச்சியை அனுப்பியவன் யார் என்பது வேறு வினா.

இக்கதையை யான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. எம் பாடசாலையிலே எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் வாயகன்ற கண்ணாடிப் போத்தலொன்றில் பெரிய தேரை ஒன்றினைச் சில வாரமாக வளர்த்து வந்தான். ஒருநாள் அதனைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தான். தேரையின் இடுப்பெலும்பு இரண்டும் கூரை முகடுபோல் எழுந்து நின்றன, முதுகின் நடுவெலும்பு கோடாய்த் தெரிந்தது, கண்கள் குழிந்திருந்தன, விலாப்புறத்துத் தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்கியது.

"என்ன தம்பி கொடுத்தாய் இதற்கு?" என்றேன்.

"சோறு போட்டன் ஐயா. தின்னேல்லை. கல்லுக்குள்ள தேரைக்கும் கடவுள் படியளக்கிறார்தானே எண்டு ஆச்சி சொன்னா" என்றான்.

பக்கத்திலிருந்த மாணாக்கர் சிரித்தனர். அவன் கண் கலங்கியது. அப்பிள்ளை அதனை விளையாட்டுக்கு வைத்திருக்கவில்லை. அன்பினாலே வைத்திருந்தான் என்பது அப்போது விளங்கியது. அறியாமையோடு கூடிய அன்பு வறட்சியிலும் கொடியதாகலாம். ஆயினும் அன்பு இருக்கும் இடத்திலே அறிவை ஊட்டுதல் எளிது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியரும் மாவட்டத்து மிருக வைத்தியர் ஒருவரும் வழிகாட்ட, தேரையைப் பேணும் பொறுப்பை வகுப்பே ஏற்றுக்கொண்டது.

எல்லாரும் முதலிலே புழு தேடவே ஓடினர். வைத்தியர் தடுத்தார். "முதலில் தண்ணீர், உணவு பிறகு" என்றார். அச்சொல்லைக் கேட்டதும் எனக்குத் தேரையர் கதை நினைவுக்கு வந்தது. அரசன் ஒருவனின் தீராத தலைவலியைப் போக்க அகத்தியர் கபாலத்தைத் திறந்தாராம். மூளையின்மேல் தேரை ஒன்று பற்றியிருந்தது. பிடுங்கினால் அரசன் உயிருக்குக் கேடு. அருகில் நின்ற மாணாக்கர் ஒரு பாத்திரத்திலே நீரை ஊற்றி அலம்பிக் காட்ட, தேரை தானே நீருக்குத் தாவிற்றாம். அதனால் அம்மாணாக்கர் தேரையர் எனப் பெயர் பெற்றாராம். வரலாறோ அன்றோ, கதையை ஆக்கியோன் தேரையின் இயல்பை அறிந்தவன். அதற்கு முதல் வேண்டுவது நீர்.

தவளையும் தேரையும் வாயால் நீர் பருகுவதில்லை. தோலினாலேயே உறிஞ்சுகின்றன, சிறப்பாக, குந்தும்போது நிலத்திற் படியும் அடிவயிற்றுத் தோல் நீரை ஈர்க்கும் ஆற்றல் மிக்கது. ஈர மணலிற் குந்தியிருத்தலே அவற்றுக்கு நீர் குடித்தலாகும். உறிஞ்சிய நீரிலே ஒரு பகுதியைச் சிறுநீர்ப்பையிற் சேமித்து வறண்ட வேளையில் உடலுக்குள் மீட்டுக்கொள்கின்றன. தேரையைக் கையிலே தூக்கினால் அது நீரைப் பீச்சிவிடுவதை யாவரும் கண்டிருப்பர். மெலிந்த தேரைக்கு அது சேமிப்பு முழுவதையும் இழத்தலாகும். ஆகவே, அடிக்கடி தூக்கிப் பார்த்தல் ஆகாது என்பது இரண்டாம் விதி.

எந்த நீர் என்பதும் பெரிய வினாவே. எங்கள் கரையிலே கோடை முதிர முதிரக் கிணறுகள் உவர்த்துவிடும். அம்மாணாக்கன் போத்தலில் ஊற்றியதும் அத்தகைய கிணற்று நீரே. உப்பு மிகுந்த நீரிலே தேரையை வைத்தால், தோல்வழியே நீர் உள்ளே புகுவதற்கு மாறாக உடலிலுள்ள நீர் வெளியே இழுபடும். ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதைப் போன்றதே இது. தென்கிழக்காசியக் கண்டற் காடுகளிலே நண்டுண்ணும் தவளை என ஓரினம் உவர்நீரில் வாழ்கிறது. குருதியில் யூரியாவை மிகுத்து வைத்துக்கொண்டு அஃது உப்பைத் தாங்குகிறதென 1961ஆம் ஆண்டிலே ஆய்வாளர் விளக்கினர். எங்கள் ஊர்த் தேரைக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. நகரத்துக் குழாய்நீரும் உடனே உதவாது. அதிற் கலந்த குளோரின் மெல்லிய தோலை வருத்தும். திறந்த பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் வைத்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். நாங்கள் மழைநீரைச் சேமித்து வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு குடம் வாங்கி வந்தோம்.

வாயகன்ற மண்சட்டி ஒன்றிலே ஆற்று மணலைக் கழுவி இட்டு, ஒரு பக்கத்தை ஈரமாகவும் மறுபக்கத்தை உலர்வாகவும் வைத்தோம். பதுங்குவதற்கு உடைந்த ஓடொன்று, குந்துவதற்கு அகன்ற சிரட்டையிலே விரற்கடை ஆழம் நீர், மேலே வலைத்துணி. சட்டியை வெயிலும் ஆரவாரமும் இல்லாத நூலக அறையின் மூலையிலே வைத்தோம். நீரை நாள்தோறும் மாற்றினோம். இரண்டு நாள் தேரைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையிலே அதன் கண் குழி சற்றே நிரம்பியிருக்கக் கண்டோம்.

பின்னரே உணவு. இங்கும் பொறுமை வேண்டும். காப்பியத்திலே அமுதசுரபியின் அன்னம் காயசண்டிகையின் யானைத்தீயை உடனே அவித்தது. உலகியலில் அவ்வாறு நிகழ்வதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலே பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டோருட் சிலர், திடீரெனப் பேருணவு உண்டமையாலேயே மாண்டனர். வற்றிய உடல் பெருஞ்சுமையைத் தாங்காது. தேரைக்கும் அதுவே நியதி. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிய கறையான்கள் சில, அடுத்த வாரம் சிறு தத்துக்கிளியும் சிள்வண்டும், பின்னர் மண்புழு. அசையாத பொருளைத் தேரை உணவென்று அறியாது. ஆதலாற் சோற்றுப் பருக்கையின் நடுவே கிடந்தும் அது பட்டினி கிடந்தது. இருட்டும் வேளையில், உயிருள்ள பூச்சி அதன் கண்ணெதிரே ஊர்ந்தாற்றான் நாக்கு நீளும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலிருந்து பூச்சி பிடித்தல் கூடாது என்பதை மாணாக்கருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது. தேரையின் கண்ணுக்குப் பின்னே நச்சுச் சுரப்பிகள் உண்டு. ஆதலால் தொடுமுன் கையை வெறும் நீரால் நனைப்பதும், தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் முறையாயின.

வாரம் ஒருமுறை மட்டும் நிறுத்தோம். ஊர்த் தட்டார் ஒருவர் தம் பழைய தராசைத் தந்துதவினார். படிக்கல்லுக்கு மாற்றாக ஐந்து ரூபா நாணயங்களை வைத்தோம். முதல் நாள் தேரை நான்கு நாணயத்துக்குச் சமன். முதல் வாரம் முடிவிலும் நான்கே. மாணாக்கர் மனம் சோர்ந்தனர். இரண்டாம் வாரம் தட்டு சற்றே சாய்ந்தது. மூன்றாம் வாரம் ஐந்து நாணயம். ஐந்தாம் வாரம் ஆறுக்குச் சற்றுக் குறைவு. இடுப்பெலும்பு தோலுக்குள் மறைந்தது. கணக்குப் பாடத்திலே வரைபடம் கீற மறுக்கும் பிள்ளைகள், தேரையின் எடைக்கோட்டை யாரும் சொல்லாமலே கீறிச் சுவரில் ஒட்டினர்.

மெலிவுக்கெல்லாம் இவ்விரண்டே காரணமென்று வாசகர் கொள்ளற்க. நீரும் உணவும் இருந்தும் மெலியும் தேரைகள் உண்டு. நுரையீரலிலும் குடலிலும் புழு இருத்தல் கூடும். 1999ஆம் ஆண்டிலே பெயரிடப்பட்ட ஒருவகைத் தோற்பூஞ்சணம் உலகெங்கும் தவளையினங்களை அழித்து வருகிறது. 501 இனங்கள் அதனாற் குன்றின என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று கூறியது. இன்னும் வியப்பானது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துத் தேரை. லாரமி என்னும் பள்ளத்தாக்குக்கே உரிய அவ்வினம் அற்றுப்போனதென்று கருதப்பட்டு, 1987ஆம் ஆண்டிலே ஒரேயொரு ஏரியில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. காப்பகங்களிலே வளர்த்துப் பெருக்கியபோது, சில தேரைகள் பூச்சியைக் கண்டு நாக்கை வீசியும் பிடிக்கமாட்டாமல் மெலிந்தன. ஆராய்ந்தபோது விற்றமின் ஏ குறைவினால் நாக்கின் பசைத்தன்மை கெட்டிருந்தது தெரியவந்தது. பூச்சி நாக்கில் ஒட்டவில்லை. உணவு எதிரே இருக்க, உண்ணும் கருவி பழுதாகிவிட்ட நிலை அது. குறைந்த ஊட்டத்தைக் கொடுத்தே அக்குறையைத் தீர்க்க வேண்டியிருந்தது. எனவே மூன்று வாரம் பேணியும் எடை ஏறாவிடின், மேலும் மேலும் ஊட்டாமல் வைத்தியரிடம் செல்லுதலே தக்கது.

நீரினால் மெலிந்து நீரினால் மீண்ட இனத்துக்கு இன்னொரு சான்று ஆபிரிக்காவிலுண்டு. தன்சானியாவின் கிகன்சி அருவியின் சாரல் நனைத்த சிறு நிலப்பரப்பிலே மட்டும் ஒரு குறுந்தேரை வாழ்ந்தது, கைந்நகம் அளவினது, முட்டையிடாமற் குட்டியீனுவது. 1996ஆம் ஆண்டிலேயே அஃது அறிஞர் கண்ணிற் பட்டது. சில ஆண்டுகளில் மின்சாரத்துக்காக ஆறு திருப்பப்பட, சாரல் நின்றது. 2000ஆம் ஆண்டின் இறுதியிலே 499 தேரைகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். அவற்றைப் பேணும் முறை அறியப்படுமுன் பல மாண்டன. ஈரமும் ஒளியும் உணவும் படிப்படியாகச் சீராக்கப்பட எஞ்சியவை பெருகின. 2009ஆம் ஆண்டிலே இயற்கையில் அற்றுப்போனதென அறிவிக்கப்பட்ட அவ்வினம், செயற்கைச் சாரல் அமைத்த அதே நிலத்தில் 2012ஆம் ஆண்டு மீண்டும் விடப்பட்டது.

அயல்நாட்டை விட்டு எம் கரைக்கு வருவோம். கற்பிட்டிக் குடாநாடு ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த மணற்றிடல். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே உள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணறும் தோட்டமும் உயிரினமும் அப்படலத்தையே நம்பியுள்ளன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு இடும் உரம் மணலூடே விரைந்து இறங்குவதால், அந்நிலத்தடி நீரிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலாபம் முதற் புத்தளம் வரையுள்ள கரையிலே 1980கள் முதல் இறால் பண்ணைகள் பெருகின. 1990களில் வெண்புள்ளி நோய் வந்தபின் கைவிடப்பட்ட பண்ணைக் குழிகள் உவர்நிலமாய்க் கிடக்கின்றன. தோலினாலே நீர் அருந்தும் உயிர், இந்நீரின் குறையை எமக்கு முன்னரே தன் உடலிற் காட்டும். நாம் அந்நீரைக் கொதிக்க வைக்கலாம், போத்தலில் வாங்கலாம், தேரைக்கு வேறு நீர் கிடையாது.

மலைநாட்டுத் தவளைகளைத் தேடுவோர் பலர். 1853ஆம் ஆண்டிலே கெலாட் என்னும் இலங்கை மருத்துவர் விவரித்த புதர்த் தவளையொன்று, ஒன்றரை நூற்றாண்டுக்குமேற் காணப்படாதிருந்து, 2009ஆம் ஆண்டு சிவனொளிபாத மலைக்காட்டிலே மீண்டும் அகப்பட்டதை யாவரும் கொண்டாடினர். கொண்டாடத்தக்கதே. ஆயின் வாசற்படித் தேரையைக் கணக்கெடுப்பார் இல்லை. எங்கும் உள்ளது என்ற எண்ணத்தினாலே அது குறைவதும் தெரிவதில்லை.

ஐப்பசியின் முதற் பெருமழை பெய்த மாலை, தேரையைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம். காட்டுயிரை வீட்டிற் பிடித்து வைத்திருத்தல் பற்றி நாட்டிலே சட்டம் உண்டு என்பதையும், நோயற்ற தேரைக்குப் போத்தல் எத்துணை அழகியதாயினும் சிறையே என்பதையும் மாணாக்கருக்கு விளக்கினேன். வளர்த்த பிள்ளை அழவில்லை. "இனிக் கத்துமா ஐயா?" என்று கேட்டான். கத்துவது ஆண் தேரை. இது பெருவுடற் பெண். ஆதலால் மழையிரவிலே இதன் குரலைத் தேடுதல் வீண் என்று உயிரியல் ஆசிரியர் கூறினார்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேரையைக் கொணர்ந்து வளர்க்கச் சொல்லற்க. பாடசாலை வளவின் நிழல் மூலையிலே பாய் அளவான ஆழமில்லாத பள்ளம் ஒன்றினை அமைத்து, கூரை மழைநீரை அதிலே விடுங்கள், சுற்றிலும் கல்லும் சருகும் கிடக்கட்டும், பூச்சிமருந்து அண்டாதிருக்கட்டும். நுளம்புக் குடம்பி உண்டாவென நாள்தோறும் பார்த்து வலையால் அரித்தெடுத்தல் மாணாக்கரின் முறைப்பணியாகட்டும். எம் பாடசாலையில் அத்தகைய பள்ளம் அமைத்த அவ்வாண்டு கார்த்திகையிலே, நீருக்குள் கரிய மணிகளைக் கோத்த கண்ணாடிச் சரடுபோல் தேரை முட்டை நீண்டு கிடந்தது. எத்தேரை இட்டதென்று அறிய வழியில்லை. பிள்ளைகள் அதற்குத் 'தேரைமாலை' என்று பெயரிட்டனர். அகராதியிலே தேடினேன், இப்பொருளில் அச்சொல்லைக் காணவில்லை. தேரை விழுதல், தேரை மோத்தல் என்பவற்றுக்கு அருகே அதனையும் என் கையேட்டிற் குறித்து வைத்தேன்.